ஊசி முனையில் ஓர் இதயம்

"கொலை, கொள்ளை எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு மேடம்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர். "இது கோப்பை விவகாரம்."

மூக்கு மேடம் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டதால் அவருக்கு வந்த பெயர் அது. முதல் ஆறு மாதம் கோபம் வந்தது. ஏழாவது மாதம் துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டார்.

வந்தவர் சட்டை தைப்பதில் பேர்போன டெய்லர். எதைச் சொன்னாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் சொல்வார். கடைத்தெருவே அவரைக் காலர் என்றுதான் கூப்பிட்டது.

"என்ன கோப்பை? டீ குடிக்கறதா, தூக்கிக் காட்டறதா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது ரேடியோ. மேடத்தின் உதவியாளன். வயது முப்பத்தைந்து. நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாததால் ரேடியோ.

"தையல் கலைஞர் சங்கம் வருஷா வருஷம் நடத்தற ஊசி கோர்க்கும் போட்டி," என்றார் காலர், காலரைத் தூக்கியபடி. "ரெண்டு நிமிஷம் டைம். யார் அதிக ஊசியில நூல் கோர்க்கறாங்களோ அவங்களுக்குக் கோப்பை. நாலு வருஷமா கோட்டு மாஸ்டர்தான் முதல். நாலு வருஷமா நான் ரெண்டாவது. போன தடவை அவர் நாற்பத்தொண்ணு, நான் நாற்பது."

"ஒரு ஊசியில கோட்டை விட்டுட்டீங்க," என்றான் ரேடியோ.

"விடலைங்க. பறிச்சுட்டாங்க! இதோ பாருங்க ஆதாரம்." மேஜை மேல் காலி மாத்திரை அட்டை ஒன்று வந்து விழுந்தது. "மாஸ்டர் கடைக் குப்பைக்கூடையில எடுத்தேன்."

மேடம் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பத்துக் குழி. ஒன்பது சுத்தமாகக் காலி. கடைசிக் குழியின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாய் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பீட்டா பிளாக்கர்," என்றார்.

"வேற கிரகத்துக்காரன் பேரு மாதிரி இருக்கே பாஸ்."

"ரத்தக்கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் டாக்டருங்க எழுதிக் கொடுக்கற மாத்திரைடா. குதிரை மாதிரி ஓடற இதயத்தை லகான் போட்டு இழுத்துப் பிடிக்கும். படபடப்பு அடங்கும். அப்படியே கை நடுக்கமும் அடங்கும். துப்பாக்கி சுடற போட்டியில இதைப் போட்டுக்கிட்டு வந்தா வெளியே அனுப்பிடுவாங்க."

"அதைத்தாங்க நானும் சங்கத்து போர்டுல எழுதி ஒட்டினேன்!" காலர் மேஜையைத் தட்டினார். "'மாத்திரை போட்டு ஊசி கோர்ப்பவருக்கு கோப்பையா?'ன்னு பெருசா எழுதி ஒட்டி இன்னியோட பன்னிரண்டு நாள் ஆச்சு. ஒருத்தரும் கண்டுக்கலை. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டி. அதுக்குள்ள அவர் மாத்திரை போடறார்னு நீங்க நிரூபிக்கணும்."

எழுந்து மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, படி அதிர இறங்கிப் போனார்.

மேடம் தன் உள்ளங்கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டார். வெளியே தார் இளகுகிற வெயில். வந்தவரின் கை மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி இருந்தது.

"என்ன பாஸ் யோசனை?"

"உனக்கு ஒரு கோட்டு தைக்கலாம்னு யோசிக்கிறேன். கிளம்பு."

*

கோட்டு மாஸ்டரின் கடை அகலத்தில் ஒரு பஸ் அளவுதான் இருக்கும். வெட்டு மேஜை, அதன் மேல் சாக்பீஸ் கோடு விழுந்த சாம்பல் நிறத் துணி, ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி, மூன்று மடிப்புக் கண்ணாடி, கடைசியில் தாழ்ப்பாள் வைத்த டிரையல் ரூம். வாசலருகே தலையில்லாத பொம்மை ஒன்று கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. மாஸ்டரின் மனைவி முக்காலியில் உட்கார்ந்து பேன்ட் ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குக் கல்யாணம். கோட்டு தைக்கணும்," என்றார் மேடம்.

மாஸ்டரின் மனைவி ரேடியோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இப்பவாவது பண்ணி வைக்கறீங்களே," என்றார்.

மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி. மூக்கு நுனியில் கண்ணாடி. வாயோரத்தில் ஐந்தாறு குண்டூசியைக் கடித்துக்கொண்டே, ஒன்றும் கீழே விழாமல், தெளிவாகப் பேசினார். "கையைத் தூக்குங்க தம்பி. மார்பு... முப்பத்தாறு." டேப்பை ஒருமுறை விட்டுப் பிடித்தார். "இல்லை, முப்பத்தொன்பது." மறுபடியும் பிடித்தார். "முப்பத்தி... தம்பி, கொஞ்சம் மூச்சு விடாம நில்லுங்க."

"நான் மூச்சு விட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு மாஸ்டர். டேப்புதான் மூச்சு விடுது."

டேப்பின் நுனி காற்றில் ஆடும் இலைபோல நடுங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைச் சட்டென்று கழுத்தில் போட்டுக்கொண்டார். மேல் தட்டிலிருந்து துணி எடுக்க ஸ்டூலில் ஏறியவர், இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார். இடது கை நெஞ்சுக்குப் போயிற்று. பார்த்துவிட்டார்களோ என்று, அங்கே இல்லாத பாக்கெட்டைத் தடவினார்.

"இறங்குங்க மாஸ்டர், நான் எடுக்கறேன்," என்று மேடம் அவர் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார். இறக்கியபிறகும் பத்து விநாடி விடவில்லை. விரலுக்கடியில் நாடி, மிதிக்க மிதிக்க ஓடும் தையல் மெஷினாகப் பறந்துகொண்டிருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"அவரா வாயைத் திறந்து சொல்லப் போறார்?" என்றார் மனைவி, ஊசியை நிறுத்தாமல். "அஞ்சு வருஷமா நெஞ்சுவலிக்கு மாத்திரை. தினமும் காலைல எட்டு மணிக்கு நானே கையில கொடுத்து, தண்ணி கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் விடறேன். அப்படியும் ஒரு வாரமா முகமே சரியில்லை."

மேடம் ரேடியோவைக் கடைக்கண்ணால் பார்த்தார். மனைவி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார், மாத்திரை உள்ளே போகிறது என்று. நாடியோ போகவில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, நாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அந்தப் பொம்மை போட்டிருக்கற கோட்டைத் தம்பி ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"

"அது... அது வேணாமே," என்றார் மாஸ்டர். அதற்குள் ரேடியோ பொம்மையைத் துகிலுரித்து முடித்திருந்தான். கோட்டை மாட்டிக்கொண்டு மூன்று கண்ணாடியிலும் மூன்று மாப்பிள்ளையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"பாஸ்... அதாவது, அக்கா! கையில எத்தனை பட்டன் பாருங்க. ராஜா மாதிரி இல்லை?"

மேடம் கிட்டே போய் எண்ணினார். சட்டைப் பித்தானை விடச் சின்னதாக, கறுப்புப் பட்டுத் துணி போர்த்திய பட்டன்கள். இடது கை ஓரத்தில் ஆறு. வலது கையில் ஐந்து.

அரைநூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற மனுஷன். அவர் கடை வாசலில் நிற்கிற கோட்டில் ஒரு கைக்கு ஆறு, இன்னொரு கைக்கு ஐந்தா?

"மாஸ்டர், நேத்து நான் வந்திருந்தா இந்த வலது கையில நாலு பட்டன்தானே இருந்திருக்கும்?"

மாஸ்டரின் வாயிலிருந்து குண்டூசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அந்தச் சத்தத்தில் திரும்பிய ரேடியோவின் முழங்கை, வெட்டு மேஜை மேலிருந்த டீ டம்ளரைத் தட்டியது. சூடான டீ வலது கை முழுக்கச் சரிந்தது. ரேடியோ குதித்தான். பிறகு குனிந்து பார்த்தான். பிறகு இன்னும் உயரமாகக் குதித்தான்.

"பாஸ்! பட்டன் கரையுது பாஸ்!"

பட்டுத் துணிக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாய்க் குழம்பு மாதிரி ஒன்று வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் மனைவி எழுந்து வந்தார். கத்தரியால் இடது கைப் பட்டன் ஒன்றை வெட்டி, துணியைப் பிரித்தார். உள்ளங்கையில் இளஞ்சிவப்பு மாத்திரை, காலையில் கொடுத்தது மாதிரியே முழுசாக இருந்தது.

"பதினோரு நாள்," என்றார் மேடம் மெதுவாக. "எப்படி மாஸ்டர்? நாக்கைத் தூக்கிக் காட்டினீங்களே?"

"முப்பது வருஷம் வாயில ஊசியை ஒளிச்சு வச்சுக்கிட்டே சிரிச்சுப் பேசினவன்," என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்தபடி. "ஒரு மாத்திரையை ஒளிக்கத் தெரியாதா? குப்பையில போட்டா இவ கண்டுபிடிச்சிடுவா. அதுவும் இல்லாம, மருந்தை வீசி எறிய மனசு வரலை."

"ஏன்?" என்றார் மனைவி.

"போர்டுல எழுதி ஒட்டினாங்களே, பார்க்கலையா? நாலு கோப்பை வீட்ல இருக்கு. அது என் கை ஜெயிச்சதா, மாத்திரை ஜெயிச்சதான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மாத்திரை இல்லாம ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டா, அப்புறம் வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கறேன்."

மனைவி டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரின் குரல் போனைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது. "திடீர்னு நிறுத்தினாரா? இழுத்துப் பிடிச்ச லகானை ஒரேயடியா விட்டா குதிரை என்ன ஆகும்? மாரடைப்பு வந்து நிக்கும்மா! இப்பவே கூட்டிட்டு வாங்க!"

மாஸ்டர் மெல்லப் பின்வாங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரையல் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"நாலு மணிக்கு மேடை!" என்றது கதவு. "நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரி! இப்ப போனா, மாட்டிக்கிட்டு ஓடிட்டான்னு அந்தக் காலர் சொல்லுவான். என் பேர் சுத்தமாகாம வெளியே வரமாட்டேன்!"

மணி இரண்டரை. உள்ளேயிருந்து மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. மனைவி கதவைத் தட்டவில்லை. நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு நின்றார். "கதவை உடைச்சுடலாமா?" என்றான் ரேடியோ. "வேண்டாம் தம்பி," என்றார் அவர். "உடைச்சா தடுக்கறேன்னு எதிர்ப்பக்கம் தள்ளுவார். அதுவே நெஞ்சுக்கு ஆகாது."

மேடம் கைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்தார். கடைசிக் குழியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கையும், மனைவியின் கையிலிருந்த இளஞ்சிவப்பு மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரேடியோ, இது மாஸ்டரோட அட்டையே இல்லை."

*

நாலு கடை தள்ளி இருந்த மருந்துக்கடையில் வேலை இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், பழைய சீட்டு ஒன்றைத் தேடி எடுத்தார், ஒரு பதில் சொன்னார். அதைக் கேட்டு ரேடியோ வாயடைத்துப் போனான். திரும்பி வரும் வழியில் முழுசாக இருபது அடி தூரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

பத்தே நிமிஷத்தில் டிரையல் ரூம் கதவுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. மனைவி, மேடம், ரேடியோ, கையில் போட்டி விதிப் புத்தகத்தோடு சங்கத் தலைவி. ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரரான அவரை எல்லோரும் தலைவி அக்கா என்பார்கள். கடைசியாக, கூப்பிட்ட மாத்திரத்தில் ஓடி வந்த காலர்.

"பிடிச்சுட்டீங்களா மேடம்? மாத்திரை போடறார்னு ஒத்துக்கிட்டாரா?"

"மாத்திரை போட்டுக்கிட்டுப் போட்டிக்கு வரப் பார்த்தவரைப் பிடிச்சுட்டேன்," என்றார் மேடம். "ரேடியோ!"

ரேடியோ முதுகுக்குப் பின்னால் ஊதி வைத்திருந்த காகிதப் பையை ஓங்கி அறைந்தான்.

டமார்!

தலைவி அக்காவின் விதிப் புத்தகம் பறந்து போய் இஸ்திரிப் பெட்டி மேல் விழுந்தது. மனைவி கதவைக் கட்டிக்கொண்டார். "ஐயோ, என்ன ஆச்சு?" என்று டிரையல் ரூமுக்குள்ளிருந்து அலறல். காலர் மட்டும் அசைபோடும் மாடு தலையைத் திருப்புவது மாதிரி நிதானமாகத் திரும்பி, "என்னங்க சத்தம்?" என்றார்.

"இது ஆதாரம் இல்லை, சும்மா வேடிக்கை," என்றார் மேடம். "ஆதாரம் இனிமேதான். தலைவி அக்கா, இவர் கையைப் பிடிச்சு நாடியை எண்ணுங்க."

தலைவி அக்கா பிடித்தவுடனே, "என்னங்க இது, பிணத்துக் கை மாதிரி சில்லுனு இருக்கு," என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார். "நாற்பத்தெட்டு."

"கோபத்துல கத்திக்கிட்டு ஓடி வந்த மனுஷனுக்கு நாற்பத்தெட்டா?" என்றான் ரேடியோ. "இது நாடியா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கற ஆபீஸா?"

"அந்த மாத்திரையோட வேலைங்க இது," என்றார் மேடம். "சிலருக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். இதயம் மெதுவாகும். ஆபீஸ்ல நீங்க கை குலுக்கினப்பவே எனக்கு உறுத்திச்சு. மாஸ்டர் மாத்திரை இளஞ்சிவப்பு. நீங்க கொண்டுவந்த அட்டையில இருக்கறது வெள்ளை. மருந்துக்கடையில கேட்டேன். மாமியாருக்குன்னு சொல்லி, யாரோட பழைய சீட்டையோ காட்டி வாங்கிட்டு வர்றீங்களாம்."

தலைவி அக்கா காலரைப் பார்த்தார். "உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேப்பா."

காலரின் கை, பழக்கதோஷத்தில் காலரைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் நின்றுவிட்டது.

"நாலு வருஷம் ரெண்டாவதா வந்து பாருங்க, தெரியும்," என்றார். "மேடை ஏறினாலே கை ஆட்டம் காணும். மாஸ்டர் மாத்திரை போடறார்னு கேள்விப்பட்டேன். சரி, அதுதான் ரகசியமாக்கும்னு நானும் போட ஆரம்பிச்சேன். அவர் போடறதைத் தடுத்துட்டு நான் போட்டுக்கிட்டா ஜெயிச்சுடலாம்னு..."

"அதுக்கு உங்க அட்டையையேவா ஆதாரமா கொண்டுவந்து கொடுத்தீங்க?" என்றான் ரேடியோ.

"கைவசம் வேற அட்டை இல்லைங்க."

சொல்லி முடித்தபோது அவர் மூச்சுக்கு நடுவில் மெலிதாக ஒரு விசில் சத்தம் கேட்டது. மேடத்தின் முகம் மாறிப்போயிற்று.

"உங்களுக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு... அதுக்கென்ன? ஒரு வாரமா... திரும்ப..."

"ஆஸ்துமாக்காரங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாதுய்யா! மூச்சுக்குழலை இறுக்கிடும். போட்டிக்குன்னு இன்னிக்கு எத்தனை போட்டீங்க?"

காலர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு யோசித்து மூன்றாவதையும் தூக்கினார். அப்படியே முக்காலியில் சரிந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினார். முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. ரேடியோ ஆம்புலன்சுக்குப் போன் போட ஓடினான்.

தாழ்ப்பாள் திறந்தது. மாஸ்டர் வெளியே வந்தார். நெஞ்சைப் பிடித்தபடியே வந்து, காலரின் சட்டையில் மேல் பித்தானைக் கழற்றினார். நடுங்கும் விரல்களுக்கு அது மூன்று முயற்சி பிடித்தது.

"காத்து வரட்டும். நேரா உட்காரு. குனியாதே," என்றார். பிறகு மேடத்தைப் பார்த்து, "இவன் போட்டது தப்புன்னா, அஞ்சு வருஷமா நான் போட்டதும் தப்புதானே மேடம்?" என்றார்.

"நீங்க மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே ஊசி கோர்க்கறீங்க? அது பார்வையைத் திருடறதா?" என்றார் மேடம். "டாக்டர் உங்களுக்குக் கொடுத்தது ஜெயிக்கறதுக்கு இல்லை மாஸ்டர், வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு."

மனைவி மாஸ்டரின் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். செருப்பை எடுத்துக் கால்பக்கம் போட்டார். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

*

சாயங்காலம் ஆறரைக்கு ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். காலரின் முகத்தில் மருந்துப் புகை விடும் மூடி. மாஸ்டரின் தலைமாட்டில் துடிப்பை எண்ணிக் காட்டும் திரை. மாரடைப்பு இல்லை, வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும். காலருக்கு அந்த மாத்திரையே இனிக் கூடாது. மருந்துக்கடைக்காரரையும் டாக்டர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் குரல் போனில் கேட்டதை விட நேரில் இன்னும் பெரிது என்று ரேடியோ வந்து சொன்னான்.

காலர் மூடியைச் சற்றுத் தூக்கினார். "போர்டுல எழுதினது தப்புதான் மாஸ்டர்."

"அதுல 'கோர்ப்பவருக்கு'ன்னு எழுதிட்டு, 'கோப்பையா'வுக்கு முன்னாடி 'க்' விட்டுட்டே. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு."

அப்போது தலைவி அக்கா உள்ளே வந்தார். கையில் பளபளவென்று கோப்பை.

"போட்டி நடந்துச்சா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நடக்காம? ஹால் முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னதும் மத்தவங்க பாதிப்பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க. சரின்னு நானே மேடை ஏறிட்டேன். எனக்குத்தான் முதல் பரிசு!"

"எத்தனை ஊசி?" என்றார் மாஸ்டர்.

"பதினேழு."

"பதினேழா?" என்றார் காலர்.

"பதினேழா!" என்றார் மாஸ்டர். திரையில் எண் எழுபத்தெட்டிலிருந்து எண்பத்தைந்துக்குத் தாவியது. "யார் எண்ணினது?"

"நான்தான். நடத்தினதும் நான்தானே."

"அக்கா, பதினேழு ஊசியை நான் தூக்கத்துல கோர்ப்பேன்!" என்றார் காலர், மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு. "மேடம், இந்தக் கேஸையும் நீங்களே எடுக்கணும். நானும் மாஸ்டரும் சேர்ந்து புகார் கொடுக்கறோம்!"

"எழுதுங்க மேடம்," என்றார் மாஸ்டர். திரையில் தொண்ணூற்று மூன்று.

"பாஸ், நம்ம கட்சிக்காரரையே நாம பிடிச்சுக் கொடுத்தோம்," என்றான் ரேடியோ. "இப்ப அவரே குற்றம் சாட்டப்பட்டவரோட கூட்டுச் சேர்ந்து நீதிபதி மேல கேஸ் போடறார். என்னை வேற வேலைக்கு அனுப்பிடுங்க."

நர்ஸ் வந்து ஒரு சின்னக் காகிதக் குப்பியில் இளஞ்சிவப்பு மாத்திரையின் பாதித் துண்டை வைத்துவிட்டு, "சத்தம் போட்டா எல்லாரையும் வெளியே அனுப்பிடுவேன். இதை முழுங்குங்க," என்று போனார். தண்ணீர் ஜாடி இருந்தது. டம்ளர் இல்லை.

மாஸ்டரின் மனைவி சுற்றிலும் பார்த்தார். தலைவி அக்காவின் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். வாஷ்பேசினுக்கு எடுத்துப் போய் மூன்று முறை கழுவி, அதில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க," என்றார்.

மாஸ்டர் கோப்பையின் இரண்டு காதுகளையும் பிடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது.

"அப்படியே எனக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க அண்ணி," என்றார் காலர்.